தட்டிக் கேட்பது என்றால் என்ன?

'கேட்க நாதியில்லை', 'கேட்பாரற்றுக் கிடக்கிறது', 'ஏன் என்று கேட்க ஓர் ஆள் இல்லை' என்று நாம் அன்றாடம் சொல்லும் வழக்குகளைச் சற்று நின்று கவனித்தால், அவற்றில் கேட்க வேண்டியவராகக் கருதப்படுபவர் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்பது புலப்படும். அடிபட்டவர் அழுவார், முறையிடுவார்; அவருக்காகக் கேட்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் இன்னொருவர். அந்த இன்னொருவர் வாய் திறந்து, தவறு செய்தவரைப் பதில் சொல்ல வைப்பதைத்தான் 'தட்டிக் கேட்பது' என்கிறோம். அதே நாவில்தான் 'நமக்கேன் வம்பு' என்ற பேச்சும் புழங்குகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாம் எப்படி நழுவுகிறோம், திரும்பி வருவதற்கு என்னென்ன வேண்டும் என்பதை, இதைப் பற்றி முதன்முதலாக யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு ஏலத்தோட்ட ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன் புறப்படும் ஜீப்புகள், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிச் சென்று மாலையில் கொண்டுவந்து இறக்கிவிடும். வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். கல்லூரியில் படித்த காலத்தில் விடுமுறை நாள்களில் நானும் அம்மாவுடன் அப்படிப் போயிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, ஸ்டோர் வாசலில் வாரக் கூலி பட்டுவாடா நடந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் நோட்டைப் பார்த்துப் பெயர் வாசிக்க, ஒவ்வொருவராகப் போய்ப் பணம் வாங்கினோம். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அக்காவுக்கு அரை நாள் கூலி குறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் அரை நாள்தான் வேலை செய்தார் என்பது சூப்பர்வைசரின் கணக்கு. அந்த அக்கா அன்று முழுவதும் என் அம்மாவுக்கு அடுத்த வரிசையில் காய் பறித்தவர். எங்கள் ஜீப்பில் வந்து எங்கள் ஜீப்பிலேயே திரும்பியவர். நடுப்பகலில் கிளம்பிப் போக அந்த மலையில் வேறு வண்டி ஏது? அங்கு நின்ற 14 பேருக்கும் இது தெரியும். 14 பேரும் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கூட்டத்தில் அதிகம் படித்தவன் நான். செருப்பை எல்லோரையும்விட உன்னிப்பாகப் பார்த்தவனும் நான்தான்.

அப்போது, கல்யாணமாகி அந்த வருடம்தான் எங்கள் ஊருக்கு வந்திருந்த ஒரு பெண், "அண்ணே, அக்கா சொல்றது நெசந்தாண்ணே. செவ்வாக்கெழம சாயங்காலம் வரைக்கும் எங்கூடத்தான் பறிச்சாங்க" என்று, யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போல அமைதியாகச் சொன்னார். சில நொடிகள் கழித்து இன்னொரு குரல்: "ஆமாண்ணே, மத்தியானம் எங்கிட்டத்தான் ஊறுகா வாங்குனாங்க." அதன் பிறகு ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். சூப்பர்வைசர் பக்கங்களைப் புரட்டினார். 'எழுதும்போது விட்டுப்போயிருக்கும்' என்றார். மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

அந்தப் பெண் சொன்ன வாக்கியத்தில் குற்றச்சாட்டு என்று ஏதும் இல்லை. 'ஏமாற்றுகிறாய்' என்று அவர் சொல்லவில்லை. தன் கண்ணால் கண்டதை மட்டும் சொன்னார். எதிராளி பின்வாங்குவதற்கு ஒரு வழியும் அந்தப் பேச்சில் திறந்தே இருந்தது. அவர் சூப்பர்வைசரின் மானத்தைக் காப்பாற்ற நினைத்தாரோ, வெறுமனே பயந்துபோய் மெதுவாகப் பேசினாரோ, எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும், தட்டிக் கேட்பதும் சண்டை பிடிப்பதும் வேறு வேறு என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். சினிமாவில் இரண்டையும் ஒன்றாகவே பார்த்து வளர்ந்ததால், சண்டை போடத் தெரியாத நாம் தட்டிக் கேட்கவும் தகுதியற்றவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம்.

கூட்டம் ஏன் ஊமையாகிறது

நாங்கள் 14 பேரும் கெட்டவர்கள் அல்லர். தனியே நின்றிருந்தால் எங்களில் பலர் பேசியிருப்போம் என்றுகூடச் சொல்லலாம். கூட்டமாக நின்றதுதான் எங்கள் வாயைக் கட்டியது. இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர்களான பிப் லாட்டனேயும் ஜான் டார்லியும் 1968-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஓர் அறையில் அமர்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் சுவரின் துவாரம் வழியாகப் புகையைச் செலுத்தினார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். ஆய்வாளர்களின் ஏற்பாட்டின்படி எதையும் கண்டுகொள்ளாமல் இருந்த இருவரோடு உட்காரவைக்கப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர் மட்டுமே அப்படிச் செய்தார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு புகைக்குள் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பினார்கள்.

இதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும். நடப்பது தவறுதானா என்று ஐயம் வரும்போது நாம் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறோம். அவரும் அதே ஐயத்தோடு நம் முகத்தைப் பார்க்கிறார். இருவருமே சும்மா இருப்பதால், இது பெரிய விஷயமில்லை போலும் என்று இருவரும் முடிவு கட்டுகிறோம். இன்னொன்று, பொறுப்பு பங்குபோடப்படுவது. 14 பேர் நின்றால் என் பங்கு பதினான்கில் ஒன்று என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. பாதிக்கப்பட்டவருக்கோ இழப்பு முழுமையாகவே வந்து சேர்கிறது.

இந்த ஆய்வுகளுக்குத் தூண்டுதலாக இருந்தது 1964-இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண் கொலையுண்ட நிகழ்ச்சி. 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் யாரும் உதவவில்லை என்று அப்போது நாளிதழில் வந்த செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னாளில் தெரியவந்தது. 'மனிதர்கள் எல்லோருமே கல்நெஞ்சர்கள்' என்று பேசுபவர்கள் இன்னும் அந்தப் பழைய கணக்கையே எடுத்துக்காட்டுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய நகரங்களில் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்து 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, பத்தில் ஒன்பது நிகழ்ச்சிகளில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டதாகக் காட்டியது. தெருச் சண்டையில் கை கண்ணுக்குத் தெரிகிறது. நோட்டில் அரை நாளை அழிக்கும் பேனா தெரிவதில்லை. ஐயத்துக்கு இடமிருக்கும் இடத்தில்தான் மௌனம் கூடு கட்டுகிறது என்பது என் எண்ணம்.

இரண்டாவது குரல்

துணிச்சல் என்றதும் நாம் முதலில் பேசியவரைத்தான் நினைக்கிறோம். அவரைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால், புதிதாகத் தொடங்குபவருக்கு நான் காட்ட விரும்புவது ஊறுகாயைப் பற்றிப் பேசிய அந்த இரண்டாவது பெண்ணை. அவர் பேசாமல் இருந்திருந்தால், முதலில் பேசியவர் வாயாடி என்று பெயர் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறியிருப்பார். ஒருவர் சொல்லும்வரை அது அவருடைய கருத்து. இருவர் சொன்னதும் அது நடந்த செய்தி.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் நடத்திய சோதனைகள் இதற்குத் துணை நிற்கின்றன. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்குக் கூடியிருந்தவர்கள் அனைவரும் வேண்டுமென்றே தவறான விடை சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு ஒத்துப்போனது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும், அந்த ஒத்துப்போதல் முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஒருவர் போதுமாக இருந்தது.

அந்த ஒருவர் ஆயிரக்கணக்கானவர் ஆனால் என்ன நடக்கும் என்பதை 2015 செப்டம்பரில் மூணாறு காட்டியது. பெரும்பாலும் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டப் பெண்கள், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். நாள் கூலி அப்போது 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தில், அவர்கள் நிர்வாகத்தை மட்டும் கேள்வி கேட்கவில்லை. தங்களுக்காகப் பேச வேண்டிய தொழிற்சங்கத் தலைவர்களையும், இவ்வளவு நாள் யாருக்காகப் பேசினீர்கள் என்று கேட்டு அருகே வரவிடாமல் தள்ளி வைத்தார்கள். முடிவில் 8.33 சதவீதம் போனஸாகவும் 11.67 சதவீதம் கருணைத் தொகையாகவும் சேர்ந்து 20 சதவீதம் கிடைத்தது. கூலி பின்னர் 301 ரூபாயாக உயர்ந்தது. 500 கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அச்சம் பொய்யல்ல

'பயப்படாதே' என்று அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் அடுத்த வாரக் கூலிக்கு அதே சூப்பர்வைசரை நம்பி இருக்காதவர்கள். வேலை போகும், வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுவார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை பேச்சு போகும் என்பன எல்லாம் நடக்கக்கூடியவையே. அச்சத்தை அதட்டி அடக்குவதைவிட, எதற்கு அஞ்சுகிறோம் என்று தாளில் எழுதிப் பார்ப்பது பயன் தரும். எழுதியதும் அது இரண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம்: உண்மையில் நிகழக்கூடியவை ஒரு புறம், 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்பது மறுபுறம். முதல் வகைக்கு ஏற்பாடு வேண்டும். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் ஒரு துணை போதும்.

அதைவிட முக்கியமானது, பேசுவதற்கு முன் பாதிக்கப்பட்டவரிடம் கேட்பது. நாம் வீரமாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அடி விழுவது அவர் மேல். "அக்கா, நான் இதைக் கேட்கட்டுமா? எப்படிக் கேட்டால் உங்களுக்கு நல்லது?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் செய்யப்படும் உதவியைப் பல நேரம் பேசியவரின் ஆணவமாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்றால், அவரோடு இருப்பதும் நடந்ததைக் குறித்து வைப்பதும் இன்னும் நம் கையில் உள்ளன.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இந்த விதி மாறுகிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தை மீதான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. தெரிவிக்காமல் மறைப்பதே தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது அதற்காக வழக்குத் தொடர முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098 எல்லைக்கு இரு புறமும் ஒன்றே.

முதலில் சான்று, பிறகு கோபம்

கம்பத்துக்காரர்களுக்குக் கண்ணகி பக்கத்து மலைக்காரி. சித்ரா பௌர்ணமி நாளில் மங்கலதேவி கோயிலுக்குக் குமுளி வழியாகவும் பளியன்குடி வழியாகவும் மலையேறுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் மதுரையை எரித்தது நினைவிருக்கிறது. எரிப்பதற்கு முன் அவள் செய்ததை ஏனோ யாரும் பேசுவதில்லை: அரசனின் அவைக்குள் போய், அரசியின் சிலம்பில் உள்ள பரல் என்ன என்பதை அரசன் வாயாலேயே சொல்லவைத்து, அதன் பிறகு தன் சிலம்பை உடைத்துக் காட்டினாள். முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்தது. அந்த அவையில் தீர்ப்பை மாற்றியது அவள் கண்ணீரல்ல, உடைந்த சிலம்புதான்.

நமக்குக் கிடைக்கும் சிலம்பு பெரும்பாலும் இரண்டு ரூபாய்ப் பேனாவும் ஒரு பழைய நோட்டும். தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார், உடன் இருந்தவர் யார் என்பவற்றை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் கோபம் கூடியிருக்கும், விவரம் குறைந்திருக்கும். கைபேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம்; எடுத்ததை வாட்ஸ்அப் குழுவில் போடுவது தட்டிக் கேட்பது ஆகாது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம் என்பதைப் பலர் அறியாமல், உதவுவதாக எண்ணிக்கொண்டு அவருக்கு இரண்டாம் முறையாகத் தீங்கு செய்கிறார்கள். பதிவைப் பாதிக்கப்பட்டவரிடமோ விசாரிக்கும் அதிகாரியிடமோ கொடுப்பதே முறை.

எல்லைக்கோட்டில் நிற்கும்போது

நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று உள்நாட்டு ஊர்களுக்குக் கிடையாது. தவறு நடந்தது மலைக்கு மேலே, பாதிக்கப்பட்டவர் வீடு மலைக்குக் கீழே. இங்கே போனால் அங்கே போ என்பார்கள். அங்கே போனால் மொழி புரியாது. தவறு செய்பவர்களுக்கு இந்த இடைவெளி நன்றாகவே தெரியும்.

கொடுங்காயம், பாலியல் தாக்குதல் போன்ற, பிடியாணையின்றிக் கைது செய்வதற்குரிய குற்றமாக இருந்தால், அது எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு இதைச் சட்டமாகவே சொல்கிறது, 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று பேச்சு வழக்கில் குறிப்பிடுவது இதைத்தான். கம்பத்தில் கொடுத்த தகவலை இடுக்கிக்கு அனுப்புவது காவல்துறையின் வேலை, நம்முடையது அல்ல. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகும் அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

கூலிக் குறைப்பு போன்றவற்றுக்குக் காவல் நிலையம் இடமல்ல. கேரளத் தொழிலாளர் துறையின் தோட்ட ஆய்வாளரிடம் மனு கொடுக்க வேண்டும். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு நகலைக் கொடுத்து வைப்பது நல்லது. எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வரக்கூடாது.

வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய திருவள்ளூர், ராணிப்பேட்டைப் பக்கங்களில் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்காக இருளர் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்த நிகழ்ச்சிகள் பல முறை வெளிவந்துள்ளன. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில் ஓர் அரிய ஏற்பாடு உண்டு: அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிறுவும் பொறுப்பு கடன் கொடுத்தவர் தலையில்தான் விழுகிறது. எனவே சாலையில் போகும் ஒருவர் கோட்டாட்சியருக்குத் தகவல் மட்டும் கொடுத்தாலே, நிரூபிக்கும் சுமை அவர் தோளில் ஏறிவிடாது.

நிறுத்துவதும் பதில் சொல்ல வைப்பதும்

தவறு நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பாலக்காடு மாவட்டத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் சித்தூர் தாலுகாவின் பிளாச்சிமடை வேறு கதை சொல்கிறது. கோகோ கோலா ஆலை 2000-இல் அங்கு இயங்கத் தொடங்கிய பிறகு, கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று முதலில் பேசியவர்களில் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மாவும் ஒருவர். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007-இல் காலமானார். கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கான தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆலையை நிறுத்த இரண்டு ஆண்டுகள் போதுமாக இருந்தன. பதில் சொல்ல வைப்பது ஒரு தலைமுறையின் வேலையாக நீண்டுவிட்டது.

பதில் சொல்ல வைப்பது என்பது பழிவாங்குவதல்ல. நடந்ததை ஒப்புக்கொள்ள வைப்பது, இழந்ததைத் திருப்பிக் கொடுக்க வைப்பது, மறுபடி நடக்காதபடி ஒரு கட்டு ஏற்படுத்துவது ஆகிய மூன்றும் அதில் அடங்கும். எங்கள் சனிக்கிழமையில் நடுவில் உள்ளது மட்டுமே நடந்தது. 'எழுதும்போது விட்டுப்போயிருக்கும்' என்பது ஒப்புதல் அல்ல.

அதன் விளைவு திங்கள்கிழமை தெரிந்தது. அந்த அக்கா வழக்கமாக ஏறும் டீக்கடை முனையில் ஜீப் நிற்காமல் போனது. செவ்வாயும் அப்படியே. பேசியதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு எங்களில் யாரிடமும் ஏற்பாடு இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. புதன்கிழமை என் அம்மாவும் ஊறுகாய்க்காரரும், முதலில் பேசிய பெண்ணும், தங்கள் முனைகளை விட்டுவிட்டு அந்த டீக்கடை முனையில் போய் அக்காவோடு நின்றார்கள். பறிப்பு மும்முரமாக இருந்த மாதம். நாலு ஆள் குறைந்தால் காய் செடியிலேயே பழுத்து உதிரும். ஜீப் சற்றுத் தள்ளிப்போய் நின்று, பின்னால் வந்தது. டிரைவர் யாரையும் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நால்வரும் ஏறினார்கள். அன்றிலிருந்து அம்மாவின் மடியில் வெற்றிலைப் பையோடு, என்னுடைய பழைய கெமிஸ்ட்ரி நோட்டும் போய்வந்தது. பின்பக்கங்களில் தேதியும், வந்தவர்களின் பெயரும், எடையும் என் தங்கையின் கையெழுத்தில் இருந்தன.